இருபத்துநான்கில் ஒரு லாரி

(ஒரு நூலகத்தின் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் இந்த மேசையைச் சுற்றிச் சிலர் நின்று, நான் கொண்டுவந்த லாரியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்களில் ஒரு பெரியவர் என்னைக் கேட்டார்: "தம்பி, இது ஓடுமா?" முப்பது வருஷமாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் அம்மா கேட்டிருக்கிறார். பெண் பார்க்கப் போன வீட்டில் வருங்கால மாமனார் கேட்டார். வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர் கேட்டார். ஓடாதுங்க ஐயா. சாவி கொடுக்கிற ஸ்பிரிங் கிடையாது, பேட்டரி கிடையாது, மோட்டார் கிடையாது. "ஓடாதா? அப்புறம் எதுக்கு?" என்பது அடுத்த கேள்வி. இன்று எனக்குக் கொடுத்திருக்கும் முக்கால் மணி நேரமும் அந்த இரண்டாவது கேள்விக்குத்தான்.

வண்டி செய்யாமல் வளர்ந்தவர்கள் இந்த அரங்கில் குறைவாகவே இருப்பீர்கள். நுங்கைத் தோண்டித் தின்றுவிட்டு, காலி மட்டை இரண்டைக் குச்சியில் கோத்து, கவைக்கம்பால் தெருத்தெருவாகத் தள்ளியிருப்பீர்கள். தீப்பெட்டி லாரிக்குப் பழைய ரப்பர் செருப்பில் சக்கரம் வெட்டியிருப்பீர்கள். அவையெல்லாம் ஓடின. எந்த வண்டியின் சாயலும் அவற்றில் இருந்ததில்லை. குறைந்ததை நம் வாய் "டுர்ர்ர்" என்று நிரப்பிவிடும். நான் பேசவந்த அளவு மாதிரிகள் இதற்கு எதிர்த் திசையில் போகின்றன. ஓட்டத்தைக் கைவிட்டுவிட்டு உருவத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும் வேலை இது.

இந்த வேலைக்கு ஒரே சட்டம்தான். எத்தனையில் ஒன்று என்று முடிவு செய்துவிட்டால், பம்பர் முதல் போல்ட் வரை எல்லாம் அத்தனையில் ஒன்றாகவே இருக்க வேண்டும். இந்த லாரி 1:24. நிஜத்தில் 24 மில்லிமீட்டர் இருப்பது இங்கே ஒரு மில்லிமீட்டர். ஏன் 24? அடி, அங்குலக் கணக்கில் ஒரு அடிக்கு அரை அங்குலம் என்று வரும். வரைபடம் போடுகிறவர்களுக்குச் சுலபம். அமெரிக்காவில் டெட்ராய்ட் கார் உலகத்தை ஒட்டி வளர்ந்த கிட்கள், அதாவது பெட்டியில் வரும் உதிரிகளை நாமே ஒட்டிக் கட்டும் மாதிரிகள், பெரும்பாலும் 1:25. என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். 4.8 மீட்டர் நீளமுள்ள காரை 24-ஆல் வகுத்தால் 20 சென்டிமீட்டர், 25-ஆல் வகுத்தால் 19.2. எட்டு மில்லிமீட்டர்தான். ஆனால் இரண்டையும் ஒரே அலமாரித் தட்டில் நிறுத்தினால் ஒன்று மற்றதன் தம்பி போலத் தெரியும். நண்பர்கள் சண்டை போட்டுக்கொள்ள அந்த எட்டு மில்லிமீட்டர் தாராளம்.

சின்னக் கார்களில் பேர்பெற்ற 1:43 என்ற அளவு ரயிலிலிருந்து வந்தது. பிரிட்டனில் ஓ கேஜ் பொம்மை ரயில்களுக்கு ஒரு அடிக்கு ஏழு மில்லிமீட்டர் என்று கணக்கு. அந்த ரயில் நிலைய வாசலில் நிறுத்தக் கார் வேண்டியிருந்தது. ராணுவ வண்டிகளின் 1:35 கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா நிறுவனம் ஜெர்மானிய பேன்தர் டாங்கியைக் கிட்டாகக் கொண்டுவந்தது. அது மோட்டாரில் ஓட வேண்டும். பேட்டரியும் மோட்டாரும் உள்ளே அடங்கும்படி உடலை வரைந்துவிட்டு, பிறகு அளந்து பார்த்தால் ஏறக்குறைய 35-இல் ஒன்றாக இருந்தது. இன்று உலகம் முழுக்க ராணுவ மாதிரிகள் 1:35-இல் விற்கின்றன. மோட்டார் எப்போதோ போய்விட்டது. அளவு மட்டும் தங்கிவிட்டது. ஆக ஐயா, உங்கள் "ஓடுமா?" என்ற கேள்வி சாதாரணக் கேள்வி இல்லை. ஒரு உலக அளவையே தீர்மானித்த கேள்வி.

அந்த டெட்ராய்ட் கிட்கள் எங்கிருந்து வந்தன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1948-இல் டெட்ராய்ட்டில் வெஸ்ட் கலோக்லி என்ற வழக்கறிஞர் ஏஎம்டி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். கார் விற்பனையகங்களில் வாடிக்கையாளர் மேசை மேல் வைக்கவும், கூட வரும் பிள்ளையின் கையில் கொடுக்கவும் அந்த வருஷத்துக் காரைக் கம்பெனி நிறத்திலேயே சின்னதாக வார்த்துக் கொடுத்தார்கள். அப்பா பெரிய காரைப் பார்க்க, பிள்ளை சின்னக் காரை விடமாட்டேன் என்று அழ, வியாபாரம் நடந்திருக்கும். ஆரம்ப காலத்துப் பிளாஸ்டிக் கார்கள் அசிடேட்டில் வந்தவை. வருஷம் போகப் போக அது கோணிக்கொள்ளும். அந்தக் காலத்துக் கார்கள் பல இன்று எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி நெளிந்துதான் சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன. பிறகு ஸ்டைரீன் வந்தது, நிமிர்ந்தது. 1958-இல் அதே நிறுவனம் காரைப் பிரித்துப் பெட்டிக்குள் போட்டு, ஷோரூமில் நிற்பது போலவோ, அலங்காரம் செய்தோ, பந்தயக் காராகவோ மூன்றில் ஒரு விதமாகக் கட்டிக்கொள் என்று விற்றது. மூன்று காருக்கான உதிரிகள் இருந்தும் உடல் ஒன்றுதான். எதை விடுவது என்று தெரியாமல் எத்தனை பையன்கள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களோ!

தமியாவுக்குத் திரும்புகிறேன். ஷிஜுவோகா என்ற ஊரில் 1946-இல் யோஷியோ தமியா தொடங்கிய மர ஆலைதான் அந்த நிறுவனத்தின் வேர். மரத்தில் மாதிரிகள் செய்தார்கள். பிளாஸ்டிக் வந்ததும் மாறினார்கள். அவருடைய மகன் ஷுன்சாகு தமியா 2025 ஜூலையில் தன் 90-ஆம் வயதில் காலமானார். 1970களின் நடுவில் அவர் போர்ஷே 934 என்ற பந்தயக் காரை 1:12 அளவில் கொண்டுவர நினைத்தார். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்குப் போய்ப் படமெடுத்தார், அளந்தார், திரும்பப் போனார். ஊருக்கு வந்து வரைய உட்கார்ந்தால் ஏதோ ஒரு மூலை படத்தில் விழுந்திருக்காது. கடைசியில் அதற்கு அடிப்படையான போர்ஷே 911 கார் ஒன்றையே விலைக்கு வாங்கி, போல்ட் போல்ட்டாகக் கழற்றிப் பரப்பினார்கள். திரும்பப் பூட்டுவதற்குப் போர்ஷே மெக்கானிக்குகளின் கை தேவைப்பட்டது என்பது கதையின் பின்பகுதி. 1976-இல் அந்தக் கிட் வெளிவந்தது.

பொம்மை செய்ய நிஜக் காரைப் பிரித்த இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கேட்பவர்கள் சிரிப்பார்கள். நான் இதில் கவனிப்பது வேறு. நூறு புகைப்படம் எடுத்தும் கார் எப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. நாம் தினமும் ஏறி இறங்கும் டவுன் பஸ்ஸின் முன்கதவு எந்தப் பக்கம் மடங்கும்? படிக்கட்டுக்கு எத்தனை படி? கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பாருங்கள். நான் இருபது வருஷம் ஏறிய பஸ் அது. வரைய உட்கார்ந்த அன்றைக்குத்தான் எனக்குத் தெரியாது என்று தெரிந்தது.

சரி, நன்றாகப் பார்த்தாயிற்று, மில்லிமீட்டர் தவறாமல் அளந்தாயிற்று. எல்லாவற்றையும் 24-ஆல் வகுத்தால் மாதிரி வந்துவிடுமா? வராது. இந்தத் தொழிலின் ரகசியம் இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஒரு காரின் தகடு ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர் தடிமன். 24-ஆல் வகுத்தால் 0.03 மில்லிமீட்டர், தலைமுடியைவிட மெல்லியது. அப்படிப் பிளாஸ்டிக்கில் வார்க்க முடியாது. கிட்டில் வருவது ஒன்றரை மில்லிமீட்டர் வரை இருக்கும். நிஜ அளவுக்கு அதைப் பெரிதாக்கினால் மூன்றரை சென்டிமீட்டர் கனமுள்ள கதவு, டாங்கிக்கு மாட்டலாம். அதனால் கண்ணில் படும் விளிம்புகளை மட்டும், சக்கர வளைவின் ஓரம், ஜன்னல் ஓரம், உள்பக்கமாகச் சீவி மெலிதாக்குகிறோம். உள்ளே கனம் அப்படியே இருக்கும். விளிம்பைப் பார்த்த கண் முழுத் தகடும் மெல்லியது என்று நம்பிவிடும்.

பெயின்ட் இன்னும் மோசம். நிஜக் காரில் ப்ரைமர், நிறம், மேலே அடிக்கும் கிளியர் எல்லாம் சேர்ந்து சுமார் பத்தில் ஒரு மில்லிமீட்டர். நான் எவ்வளவு மெலிதாக அடித்தாலும் என் காரிலும் அதே பத்தில் ஒன்றுதான் ஏறுகிறது. நிஜ அளவில் அது இரண்டரை மில்லிமீட்டர் பூச்சு, சுவருக்குப் பட்டி பார்த்த மாதிரி. கதவு இடுக்குகள் மூழ்கிப்போகும். எனவே பெயின்டுக்கு முன்பே அந்தக் கோடுகளைக் கூர் ஊசியால் ஆழப்படுத்திவிட வேண்டும், அளவில் இருக்க வேண்டியதைவிட ஆழமாக.

நிறம்? பெயின்ட் கடையில் அதே நம்பர் நிறத்தை வாங்கி அடித்தால் மாதிரி கருத்துத் தெரியும். முப்பது சென்டிமீட்டர் தூரத்தில் வைத்து நாம் பார்க்கும் 1:24 வண்டி, நிஜ வண்டியை ஏழு மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். தூரத்தில் நிறம் கொஞ்சம் வெளிறும். மலை நீலமாகத் தெரிவது போல. அதனால் சில துளி வெள்ளை கலக்க வேண்டும். டயருக்குக் கறுப்பு அடிக்கிறவன் கற்றுக்குட்டி. வெளியே போனதும் எந்த டயராவது கறுப்பாக இருக்கிறதா பாருங்கள். சாம்பல் நிறம்தான்.

பழைய லாரி, கொஞ்சம் மண் வேண்டும் என்று நிஜ மணலைத் தூவிவிட்டேன் ஒருமுறை. அரை மில்லிமீட்டர் மணல் 24 மடங்காகும்போது 12 எம்.எம். ஜல்லி. கட்டட வேலைக்கு லோடு இறக்கிய மாதிரி இருந்தது. ஓவிய சாக்பீஸைக் கல்லில் இழைத்துப் பிரஷ்ஷால் தொட்டு வைத்தேன், புழுதி வந்துவிட்டது. உண்மையான மண் பொய்யாகத் தெரிகிறது, சுண்ணாம்புத் தூள் மண்ணாகத் தெரிகிறது. இந்த மாதிரியில் அளவுப்படி இருப்பவை எத்தனையோ, அளவைத் திருத்திப் பொய் சொல்பவையும் அத்தனை இருக்கும். எந்த இடத்தில் பொய் சொன்னால் கண் நிஜம் என்று நம்பும் என்று தேடுவதுதான் எங்கள் வேலை.

பொய்யே சொல்லமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றவரும் உண்டு. பிரான்ஸைச் சேர்ந்த பொறியாளர் பியர் ஸ்கெரி, ஃபெராரி 312 பிபி என்ற பந்தயக் காரை மூன்றில் ஒன்றாகச் செய்தார். பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின், அதுவும் பெட்ரோலில் ஓடும் எஞ்சின். பதினைந்து வருஷம் ஆயிற்று. உலோகத்தை மூன்றில் ஒன்றாகக் குறைக்கலாம். காற்றைக் குறைக்க முடியாது, பெட்ரோல் துளியைக் குறைக்க முடியாது. அவற்றை வைத்துக்கொண்டு அந்தச் சின்னக் குழாய்களில் பெரிய ஃபெராரியின் உறுமலைக் கொண்டுவந்தார் மனிதர். அவருடைய கார் மட்டும் இந்த மேசையில் இருந்திருந்தால் பெரியவருக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருப்பேன்.

பெரியதைப் பார்த்துச் சிறியது செய்கிறோம் என்றே இதுவரை பேசினேன். கார் உலகத்தில் வரிசை தலைகீழ். ஹார்லி ஏர்ல் என்ற வடிவமைப்பாளர் 1927-இல் ஜெனரல் மோட்டார்ஸுக்கு வந்து களிமண்ணில் கார் வனையும் வழக்கத்தை அங்கே நிலைநிறுத்தினார். தெருவில் ஓடும் கார் முதலில் சின்னக் களிமண் காராகத்தான் பிறக்கிறது, பிடித்திருந்தால் வளர்க்கிறார்கள். அதே நிறுவனத்தின் ஃபிஷர் பாடி பிரிவு 1930 முதல் 1968 வரை பையன்களுக்கு ஒரு போட்டி நடத்தியது. தொடக்கத்தில் நெப்போலியன் காலத்துக் குதிரை வண்டியை அச்சு அசலாகச் செய்ய வேண்டும்: கதவு திறக்க வேண்டும், உள்ளே துணி தைக்க வேண்டும், உலோகப் பூ வேலை செய்ய வேண்டும். 1937 முதல் சொந்தமாக ஒரு கார் வடிவத்தை 1:12-இல் செய்யும் பிரிவும் சேர்ந்தது. பரிசு கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகை. 1947-இல் அப்படிப் பரிசு வாங்கிய சக் ஜோர்டன் என்ற மாணவர் பின்னாளில் அதே ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் துறைக்கே தலைவரானார். பையன் நேரத்தை வீணாக்குகிறான் என்று கவலைப்படும் பெற்றோர் யாராவது இங்கே இருந்தால் உங்களுக்காகத்தான் இதைச் சொன்னேன். எல்லோரும் சக் ஜோர்டன் ஆக மாட்டார்கள். நான் ஆகவில்லை, எங்கள் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன்.

கருவிகளைப் பற்றிப் பேச அதிகமில்லை. கூர் கத்தி, இடுக்கி, உப்புத்தாள். கிட்டின் பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒரு பாகத்தை வெட்டும்போது அவசரப்படக் கூடாது. உப்புத்தாளில் 600-இல் தொடங்கி 2000 வரை போகும்போது பக்கத்தில் யாரும் பேசக் கூடாது. மிஞ்சும் பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்தி மேல் காட்டி இழுத்தால் தலைமுடி கனத்தில் ஆன்டெனா கிடைக்கும். மீதி எல்லாம் கை பழகுவது.

இப்போது இந்த லாரிக்கு வருகிறேன்.

அமெரிக்க பீட்டர்பில்ட் லாரி வேண்டுமா, கிட் உண்டு. ஐரோப்பிய லாரிகளுக்கு இத்தாலியில் இட்டாலேரி நிறுவனம் 1:24-இல் போட்டுக்கொண்டே இருக்கிறது. ஜப்பானில் தேக்கோத்தோரா என்று விளக்கும் ஓவியமுமாகச் சோடித்த லாரிகள் உண்டு. 1975 முதல் 1979 வரை 'ட்ரக் யாரோ' என்ற வரிசையில் பத்துப் படங்கள் வந்து அவற்றைப் பிரபலமாக்கின. ஆவோஷிமா நிறுவனம் அவற்றையும் 1:32-இல் பெட்டியில் போட்டுவிட்டது. அந்தப் பெட்டியின் படத்தை முதலில் பார்த்தபோது எனக்கு நாமக்கல் ஞாபகம்தான் வந்தது. நம் லாரிக்கு ஏன் கிட் இல்லை?

காரணம் யோசித்தால் விளங்குகிறது. இங்கே வெகுகாலம் லாரியைச் சேசிஸாகத்தான் வாங்கிவந்தார்கள். எஞ்சினும் சட்டமும் கம்பெனியுடையது. கேபினும் பாடியும் நாமக்கல்லிலோ வேறு ஊரிலோ பட்டறையில் கட்டுவது. ஓனர் சொன்ன உயரம், மேஸ்திரி கைக்கு வந்த வளைவு, பெயின்டரின் மயில். ஒரு லாரி மாதிரி இன்னொரு லாரி இல்லை. போர்ஷே 934 என்றால் ஒரு வடிவம். "நாமக்கல் லாரி" என்றால் எந்த லாரி? ஆகவே பொதுவாக ஒரு லாரி செய்ய வழியில்லை. ஏதோ ஒரு லாரியைத்தான் செய்ய வேண்டும்.

அப்படித்தான் ஒரு டி.என். 28 பத்துச் சக்கர லாரியைத் தேர்ந்தெடுத்து, அது எங்கள் ஊர் லாரிப் பேட்டையில் நிற்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் டேப்போடு போனேன். கேபினுக்குள் தூங்கிக்கொண்டிருந்த டிரைவர் எழுந்து எட்டிப் பார்த்தார்.

"என்னங்க தம்பி, எஃப்.சி.க்கு அளக்கறீங்களா?"

"இல்லீங்கண்ணா. இந்த வண்டிய சின்னதா செய்யப் போறேன்."

"கொலுவுக்குங்களா?"

கொலுவுக்கு இல்லை என்று நான் சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் டேப்பின் மறுமுனையைப் பிடித்தார். நாலு ஞாயிறு அளந்தோம். ஸ்பிரிங் பட்டைகள் எத்தனை, எது உடைந்து மாற்றியது, முன் பம்பரின் இடது மூலையில் இருக்கும் நசுங்கல் எந்தச் சுங்கச்சாவடியில் வந்தது எல்லாம் அவர் சொல்லித்தான் என் நோட்டில் ஏறியது.

கட்ட ஒன்றரை வருஷம் ஆனது. கேபின் ஸ்டைரீன் தகடு. டயரின் விட்டம் சுமார் 1,050 மில்லிமீட்டர், 24-ஆல் வகுத்தால் 44. ஒன்றை மட்டும் பாடுபட்டுச் செதுக்கி, சிலிகான் ரப்பரில் அச்செடுத்து, ஸ்டெப்னியோடு பதினொன்று வார்த்தேன். முதல் நாலு காற்றுக் குமிழ் விழுந்து பஞ்சர். தார்ப்பாய், தண்ணீர் கலந்த பசையில் நனைத்த டிஷ்யூ தாள். கயிறு, மெழுகு தேய்த்த தையல் நூல். முன்னால் தொங்குவதைப் பாருங்கள், எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும். எலுமிச்சை நாலு சென்டிமீட்டர் என்றால் இங்கே சுமார் 1.7 மில்லிமீட்டர். அது மஞ்சள் அடித்த கடுகு. மிளகாய் பல் துலக்கும் பிரஷ்ஷின் முடி. கடுகில் துளை போடும்போது எட்டு கடுகு தெறித்துக் காணாமல் போயின. ஒன்பதாவதுதான் தொங்குகிறது.

இப்படிச் செய்வது நான் மட்டும் இல்லை. கேரளத்தில் ஃபோம் ஷீட்டில் சுற்றுலாப் பேருந்துகள் செய்யும் இளைஞர்கள், விளக்கெல்லாம் எரிய, என்னைவிட வேகமாகவும் சில இடங்களில் என்னைவிட நன்றாகவும் செய்கிறார்கள். அவர்களிடமும் கிட் இல்லை. சாலையோரம் நின்று பார்த்த கண்தான்.

லாரியை முடித்ததும் பெட்டியில் பஞ்சு வைத்து எடுத்துக்கொண்டு பேட்டைக்குப் போனேன். டிரைவர் அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரை வைத்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினார். "ஓடுமா?" என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. லாரியைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, டிரைவர் பக்கத்து ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பம்பர் நசுங்கலை விரலால் தடவினார். அப்புறம் சொன்னார்:

"எல்லாம் இருக்குதுங்க தம்பி. சீட்டு மேல என் துண்டக் காணோம்."

நாலு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சீட்டில் நானே உட்கார்ந்து அளந்திருக்கிறேன். துண்டு என் நோட்டில் எங்கேயும் இல்லை. அவரிடமே கேட்டேன், என்ன நிறம் என்று. பச்சை, ஓரத்தில் சிவப்புக் கரை, துவைத்துத் துவைத்து நடுவில் வெளுத்தது என்றார். அன்றிரவு டீ பையின் தாளை வெட்டி, நடுவில் வெள்ளை கொஞ்சம் கூடுதலாகக் கலந்து, மூன்றாவது முயற்சியில் அந்த நிறம் வந்தது. முன்வரிசையில் இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் வந்து டிரைவர் பக்கத்து ஜன்னலில் பாருங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டால்தான் தெரியும்.